எட்டுக் கால் எறும்பு

வாடிக்கையாளர் அழுதால் காப்பி கொடுக்க வேண்டும், அழாவிட்டால் முன்பணம் கேட்க வேண்டும் என்பது வில்பெர்த் பிக்காதோவின் தொழில் கொள்கை. அன்று காலை வந்த பெண்மணி அழுதாள். ஆகவே அவன் காப்பி கொடுத்தான்.

சான் ஹோசே நகரில், சாவி வெட்டும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் நிறுவனம். நிறுவனம் என்றால் இரண்டு பேர். போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்த கிரிசெல்டா உமான்யா துப்பறிவார்; மரியாதைக்கு டோன்யா என்பார்கள். வில்பெர்த் ஜீப் ஓட்டுவான், காப்பி வடிப்பான், யாரும் கேட்காதபோது கருத்துச் சொல்வான்.

வந்தவள் தன் பெயர் மரிக்ரூஸ் பொனிய்யா என்றாள். கல்யாணமாகிப் பனாமாவில் இருக்கிறாளாம். தங்கை ஹிமேனாவைக் காணோம். ஹிமேனா அருங்காட்சியகத்தில் பூச்சி நிபுணர். காட்டிலிருந்து யார் எதைப் பிடித்து வந்தாலும், அது இன்ன பூச்சி என்று பெயர் சொல்வதுதான் வேலை. இரண்டு வாரமாக வீடு பூட்டிக் கிடக்கிறது. போன் எடுப்பதில்லை.

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டார் கிரிசெல்டா.

சொல்லியிருந்தாள். அவர்கள் சிரித்தார்களாம். காரணம், காணாமல் போன ஹிமேனா இணையத்தில் காணாமல் போகவில்லை. பூச்சிப் பிரியர்கள் குழு ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படம் போடலாம். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அந்தக் குழுவில் ஹிமேனா நேற்றுக்கூடப் படம் போட்டிருக்கிறாள். படம் போடுகிறவள் எப்படிக் காணாமல் போனவள் ஆவாள் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"அதுவும் நியாயம்தான்" என்றான் வில்பெர்த். "என் மச்சான் காணாமப் போனப்ப ஒரு படம்கூடப் போடலை. நாங்களும் தேடலை."

கிரிசெல்டா அவனைப் பார்க்காமலே, இன்னொரு காப்பி என்று விரலை நீட்டினார். அது காப்பிக்காக அல்ல, அவன் வாய்க்காக என்பது அவனுக்குத் தெரியும்.

தானே அந்தக் குழுவில் சேர்ந்து, என் தங்கை எங்கே என்று யாருக்காவது தெரியுமா என்று கெஞ்சி எழுதியதாகவும் அந்தப் பெண்மணி சொன்னாள். குழுவினர் நல்லவர்கள். படத்தில் இருக்கும் இலையைப் பார்த்து, பாசியைப் பார்த்து, இந்த மலையாக இருக்கலாம், அந்தக் காடாக இருக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்றும் தேறவில்லை. கடைசிப் படங்களில் ஏதோ கோளாறு என்று மட்டும் அவளுக்குப் பட்டதாம்.

அவள் நீட்டிய போனைக் கிரிசெல்டா வாங்கிப் பார்த்தார். கடைசி மூன்று படங்கள். ஒன்றின் கீழே 'எறும்பு' என்று ஹிமேனா எழுதியிருந்தாள். அடுத்தது 'குளவி'. மூன்றாவது 'தேனீ'. ஒவ்வொன்றின் கீழும் ஆட்கள் தயங்கித் தயங்கிப் பதில் போட்டிருந்தார்கள். மன்னிக்கணும் ஹிமேனா, இது எறும்பு மாதிரி தெரியலையே என்று ஒருவர். உடம்பு சரியில்லையா என்று இன்னொருவர். எதற்கும் ஹிமேனா பதில் சொல்லவில்லை.

"கிளம்பு" என்றார் கிரிசெல்டா. வில்பெர்த் இரண்டாவது காப்பியைத் தானே குடித்துவிட்டு ஜீப் சாவியை எடுத்தான்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் டாக்டர் தெயோஃபிலோ உட்கார்ந்திருந்தார். ஹிமேனாவுக்கு மேலதிகாரி. நாலு சுவரிலும் இழுப்பறைகள், இழுப்பறை முழுக்க ஊசியில் குத்திய வண்டுகள், அறை முழுக்கப் பாச்சை உருண்டை நாற்றம். மரிக்ரூஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு போன் பேச வேண்டும் என்று தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள்.

டாக்டர் முதல் படத்தைப் பெரிதாக்கினார். காலை எண்ணச் சொன்னார். வில்பெர்த் எண்ணினான். எட்டு. எறும்புக்கு ஆறு. இது சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, எறும்பின் உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு திரியும். எறும்பென்றால் கடிக்கும், புளிக்கும் என்று பறவைகள் தொடாது. அந்த மரியாதையை இது ஓசியில் வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது படம் குளவி வேஷம் போட்ட அந்துப்பூச்சி, கொடுக்கெல்லாம் கிடையாது. மூன்றாவது, தேனீ மாதிரி மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட சாதாரண ஈ.

"முதல் வருஷப் பையன்கூட இப்படித் தப்பு பண்ண மாட்டான்" என்றார் டாக்டர். "ஹிமேனா பண்ணவே மாட்டா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சரியாச் சொல்லுவா. நான் எழுப்பிக் கேட்டிருக்கேன்."

"மூணு தப்பும் ஒரே மாதிரி இருக்கு" என்றார் கிரிசெல்டா. "பூச்சி எதுவோ, அந்தப் பேரை எழுதலை. என்ன வேஷம் போடுதோ, அந்தப் பேரை எழுதியிருக்கா."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தங்கையின் பக்கத்தில் யாரோ நல்லவன் வேஷம் போட்டு நிற்கிறான், அவளால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை, அதனால் பூச்சியை விட்டுச் சொல்கிறாள் என்று வில்பெர்த் கணக்குப் போட்டான். கிரிசெல்டாவும் அப்படித்தான் நினைத்தார் என்பது அவர் எழுந்து நின்றதில் தெரிந்தது.

"அவ கடைசியாச் சரியாப் பேர் எழுதின படம் எது?"

டாக்டர் தேடி எடுத்தார். கூழாங்கல் மேல் விரல் நுனி அளவுக்கு ஒரு குழல். பார்த்தால் குப்பை. உள்ளே புழு இருக்கிறது என்றார். குளிர்ந்த ஓடைகளில் வாழ்வது. வாயிலிருந்து வரும் பட்டு நூலால், பக்கத்தில் கிடக்கும் மணலையும் சுள்ளியையும் ஒட்டி உடம்புக்குச் சட்டை தைத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் என்ன கிடைக்கிறதோ அதுதான் சட்டைத் துணி.

இந்தப் புழுவின் சட்டையில் மணலுக்கு நடுவே பளிச்சென்று நீலப் பொடிகள் இருந்தன.

"இந்த நாட்டு ஓடையில இப்படி நீலக் கல்லு கிடையாது" என்றார் டாக்டர்.

வில்பெர்த் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "இது கல்லு இல்லை டாக்டர். குளத்து ஓடு. லாஸ் ரோப்லெஸ் ஓட்டல். எங்க தேன்நிலவு அங்கதான். அந்தக் குளிர்ல எந்தப் புத்திசாலியோ நீச்சல் குளம் கட்டியிருந்தான். இறங்கின ஒரே ஆள் நான். ஏறினப்ப என் பொண்டாட்டி அடையாளம் தெரியலைன்னு சொன்னா. பிறகு ஓட்டலை மூடிட்டாங்க. குளத்தை உடைச்சு ஓடைப் பக்கம்தான் கொட்டினாங்க."

"எங்க இருக்கு?"

"சாவு மலைப் பாதையில, உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி இடதுபக்கம் இறங்கணும்."

கிரிசெல்டா தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். மரிக்ரூஸ் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். போய்ச் சேரும்வரை இடத்தின் பெயரை வாடிக்கையாளரிடம் சொல்லும் வழக்கம் கிரிசெல்டாவுக்குக் கிடையாது. வழியில் வாயைத் திறக்காதே என்று வில்பெர்த்திடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறாள், மலையில் ஓர் இடத்தில், யாரோ ஏமாற்றுக்காரன் கூட இருக்கலாம் என்று மட்டும் கிரிசெல்டா சொன்னார். நானும் வருவேன் என்று மரிக்ரூஸ் ஒரே பிடியாக நின்றாள். தங்கை என்னைப் பார்த்தால்தான் கதவைத் திறப்பாள் என்றாள். அதில் தப்புச் சொல்ல முடியவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஜீப் கார்த்தாகோவைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. மேகம் இறங்கிவந்து சாலையில் படுத்திருந்தது. எதிரே வரும் லாரி, மோதுவதற்குச் சற்று முன்புதான் லாரியாக மாறியது. வில்பெர்த் பேசாமல் ஓட்டினான். அவனுக்கு அது நீச்சல் குளத்தில் இறங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பின்னால் மரிக்ரூஸ் அடிக்கடி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது அவள் அழவில்லை. போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

பாதி ஏற்றத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். வில்பெர்த் சூடான வெல்லத் தண்ணீரும் பாலாடைக்கட்டி வைத்த மக்காச்சோள ரொட்டியும் வாங்கிவந்தான். கிரிசெல்டா ரொட்டியைக் கடித்தபடி மரிக்ரூஸின் போனைக் கேட்டு வாங்கி, மறுபடி அந்தப் படங்களைப் பார்த்தார். இந்தத் தடவை பூச்சியைப் பார்க்கவில்லை. மேலும் கீழும் தள்ளித் தள்ளி எதையோ தேடினார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பேசிவிட்டு வருகிறேன் என்று தன் போனுடன் வெளியே மேகத்துக்குள் போனார்.

கிரிசெல்டா வீட்டில் ஒரு பூனைதான் உண்டு. அதற்குப் போன் கிடையாது. வில்பெர்த் அதைச் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து, ரொட்டியை உள்ளே தள்ளிக்கொண்டான்.

திரும்பி வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மலை ஏறியது ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அப்புறம் வில்பெர்த் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"வில்பெர்த், நீங்க இவங்களைக் கூட்டிட்டு முன்னாடி போங்க. நீங்க சொன்னீங்களே, உங்க மாமா வேலை பார்த்த டிரவுட் மீன் பண்ணை, அங்கதான். பண்ணைக்காரர் வந்து கதவைத் திறக்கற வரைக்கும் காத்திருங்க. நான் பால் வண்டியில பின்னாடியே வரேன்."

வில்பெர்த்துக்கு மாமா கிடையாது. மீன் பண்ணை என்று அவன் சொல்லவில்லை. கல்லைத் தின்றாலும் கிரிசெல்டாவுக்கு வயிறு வலிக்காது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இத்தனை வருஷத்தில் அவனை அவர் 'டேய்' என்றிருக்கிறார், 'மடையா' என்றிருக்கிறார், ஒருமுறை நீதிபதி முன்னால் 'இந்த ஜந்து' என்றுகூடச் சொல்லியிருக்கிறார். 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

அவன் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சரிங்க டோன்யா" என்றான். "மாமா ரொம்ப சந்தோஷப்படுவார்."

மீன் பண்ணை மலையின் மறுபக்கத்தில், ஓட்டலிலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. வழியில் பார்த்த விளம்பரப் பலகை ஒன்றுதான் அவனுக்குத் துணை. அம்புக்குறி காட்டிய பக்கம் திருப்பினான். சரிவில் சிமெண்ட் தொட்டிகள், தொட்டி நிறைய மீன்கள், ஒரு கொட்டகை. ஆள் இல்லை. பண்ணைக்காரர் சாப்பிடப் போயிருப்பார் என்றான். உண்மையில் யார் பண்ணை என்றே அவனுக்குத் தெரியாது.

இறங்கியதுமே மரிக்ரூஸ் கொட்டகைப் பக்கம் நடந்து போன் பேசினாள். இந்தத் தடவை காற்று அவன் பக்கம் அடித்தது. மீன் பண்ணை, இடதுபக்கம், கிழவி இல்லை, டிரைவர் மட்டும்தான் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. தங்கையைத் தேடும் அக்கா பேசும் பேச்சாக அது இல்லை. வேஷம் போட்டவர் ஹிமேனாவின் பக்கத்தில் இல்லை, ஜீப்பின் பின்சீட்டில்தான் இருந்தார் என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது.

ஓடலாம். ஓடினால் இவளுக்குத் தெரிந்துவிடும். மலையில் வேறு என்ன இருக்கிறது என்று தேடுவார்கள். கிரிசெல்டா ஓட்டலுக்குப் போய்ச் சேர நேரம் வேண்டும். அவன் தொட்டியோரம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான்.

மாமாவைப் பற்றிப் பேசினான். மாமா கல்யாணம் செய்துகொண்ட மூன்று பெண்களைப் பற்றியும், மீன் வாங்கப் போய்த் திரும்பாத நாலாவது பெண்ணைப் பற்றியும் பேசினான். மாமா பெயர் நடுவில் ஒருமுறை மாறிவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

சாம்பல் நிறக் கார் ஒன்று சரிவில் இறங்கியது. இரண்டு பேர் வந்தார்கள். கொட்டகையைத் திறந்து பார்த்தார்கள், மீன் தீவன மூட்டைகளைப் புரட்டினார்கள். பிறகு உயரமானவன் வில்பெர்த்தின் பிடரியைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் குனிய வைத்தான். தண்ணீரின் குளிர் முகத்தில் அடித்தது. கீழே மீன்கள், சாப்பாடு வந்துவிட்டது என்று வாயைத் திறந்துகொண்டு கூடின.

"பூச்சிக்காரி எங்க?"

"மாமாவைத்தான் கேக்கணும்."

தலை தண்ணீருக்குள் போயிற்று. வெளியே வந்ததும் அவன் மூச்சு வாங்கினான். மரிக்ரூஸ் பக்கத்தில் வந்து நின்றாள். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கிழவி எங்க போனா?" என்றாள்.

இனி வேஷம் தேவையில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டது குரலிலேயே தெரிந்தது. லாஸ் ரோப்லெஸ் என்று இரண்டே சொல். சொன்னால் விட்டுவிடுவார்கள். வில்பெர்த் தன் வாழ்நாளில் சொல்லக் கூடாததைச் சொல்லாமல் விட்டதாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. பெண்டாட்டி நிச்சயம் சொல்ல மாட்டாள்.

"அவங்களுக்கு வயிறு சரியில்லைங்க" என்றான்.

மறுபடி தலை உள்ளே போனது. இந்தத் தடவை வெகுநேரம். காதுக்குள் தண்ணீர் இரைந்தது. ஒரு மீன் மூக்கில் இடித்துவிட்டுப் போனது. பிறகு சட்டென்று பிடி தளர்ந்தது. அவன் நிமிர்ந்து இருமிக்கொண்டே கண்ணைத் திறந்தபோது, சரிவில் போலீஸ் ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு பால் வண்டி. அதன் முன் சீட்டில் கிரிசெல்டா.

உயரமானவனின் இடுப்பில் உரிமம் இல்லாத துப்பாக்கி இருந்தது. போலீசுக்கு மேற்கொண்டு காரணம் தேவைப்படவில்லை.

கிரிசெல்டா தன் சால்வையை வில்பெர்த் தலையில் போட்டுத் துடைத்தார். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே துடைத்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றான்.

"தேதிடா" என்றார். "அக்கான்னு சொல்லிக்கிட்டு இவ குழுவில எழுதினது ஒரு செவ்வாய்க்கிழமை. அது வரைக்கும் ஹிமேனா ஒரு பேர்கூடத் தப்பா எழுதலை. புதன்கிழமை எறும்பு. தன்கூட இருக்கற ஆளைச் சொல்லலை. குழுவுக்குள்ள புதுசா வந்த ஆளைச் சொல்லியிருக்கா."

சாப்பாட்டுக் கடை வாசலிலிருந்து அவர் டாக்டருக்குப் போன் செய்து, ஹிமேனாவுக்கு விரோதிகள் உண்டா என்று கேட்டிருந்தார். உண்டே என்றாராம் டாக்டர். எட்கார்தோ என்ற வியாபாரி, காட்டில் பிடித்த ராட்சதச் சிலந்திகளைப் பண்ணையில் வளர்த்தவை என்று பெயர் மாற்றி வெளிநாட்டுக்குக் கடத்தியிருக்கிறான். பிடிபட்ட பெட்டிகளைப் பார்த்து, இது இன்ன காட்டுச் சிலந்தி என்று அடையாளம் சொன்னது ஹிமேனா. திங்கட்கிழமை நடக்கும் வழக்கில் அவள்தான் முக்கிய சாட்சி. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் பூச்சியைப் பற்றித்தானே கேட்டீர்கள் என்றாராம்.

கிரிசெல்டா அடுத்து அரசு வக்கீலைப் பிடித்தார். மூடிக் கிடந்த ஓட்டலில் ஹிமேனாவை ஒளித்துவைத்ததே அவர்தான். மலைப் போலீஸ் நிலையத்துக்குச் சொன்னதும் அவர்தான்.

பண்ணைக்கு வருவதற்கு முன்பே கிரிசெல்டா ஹிமேனாவை நிலையத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார். சின்ன உருவம், பெரிய கம்பளிச் சட்டை. அக்கா என்று வந்தவளை ஜன்னல் வழியாக ஹிமேனா பார்த்தாள். அவசரப்படாமல், நெற்றியிலிருந்து செருப்புவரை பார்த்தாள்.

"எட்கார்தோவோட பொண்டாட்டி" என்றாள். "பேர் ரெபெக்கா. எங்க அக்கா மரிக்ரூஸ் பனாமாவுலதான் இருக்கா. எனக்காக ஒரு நாள்கூட அழுதிருக்க மாட்டா."

இவள் என் அக்கா இல்லை என்று குழுவில் நேராகவே எழுதியிருக்கலாமே என்று வில்பெர்த் கேட்டான். யாருக்கும் ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது என்று வக்கீல் சத்தியம் வாங்கியிருந்தாராம். பூச்சிப் பெயர் அதில் சேராது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாளாம். ஆனால் குழுவில் இருந்த ஆயிரம் பேருக்கும் அது புரியவில்லை. அவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

அதுதான் திங்கட்கிழமை வினையானது.

கிரிசெல்டாவும் வில்பெர்த்தும் நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வில்பெர்த்துக்குக் கடுமையான ஜலதோஷம். எட்கார்தோவின் வக்கீல் எழுந்தார். நல்ல கோட்டு, இனிமையான குரல். நிபுணர் என்று சொல்லப்படும் இந்தப் பெண்மணி, பெட்டியில் இருந்தது காட்டுச் சிலந்தி என்கிறார், அவர் சொல்லை நம்பித்தான் இந்த வழக்கே நிற்கிறது என்று ஆரம்பித்தார். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து நீதிபதி முன் வைத்தார். இது இவரே எல்லோரும் பார்க்கப் போட்ட படம், கீழே 'எறும்பு' என்று எழுதியிருக்கிறார் என்றார். சிலந்தியை எறும்பு என்று சொல்கிறவரை நம்பி ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். கிரிசெல்டா முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ரெபெக்கா அக்கா வேஷம் போட்டுக் குழுவில் சேர்ந்தது வீண் போகவில்லை என்று வில்பெர்த்துக்குத் தோன்றியது. ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் என்ன, பெயரைக் கெடுத்தால் போதும்.

"சொல்லுங்க" என்றார் வக்கீல். "இந்தப் படத்துல எத்தனை கால் இருக்கு?"

"எட்டு" என்றாள் ஹிமேனா.

"அப்ப இது என்ன?"

"சிலந்தி. பொட்டை. முட்டையிடற பருவம். இடது பக்கம் மூணாவது கால் ஒருதடவை ஒடிஞ்சு மறுபடி முளைச்சிருக்கு."

நீதிபதி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இவ்வளவு தெரிஞ்சவங்க, எறும்புன்னு ஏன் எழுதினீங்க?"

ஹிமேனா எதிரே காவலர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ரெபெக்காவைப் பார்த்தாள். பிறகு வக்கீலைப் பார்த்தாள்.

"இன்னிக்கு இங்க உயிரோட வந்து நிக்கணும்னுதான்."

நீதிமன்றத்தில் யாரோ இருமினார்கள். வில்பெர்த் தானோ என்று பார்த்தான், அவன் இல்லை. வக்கீல் அச்சடித்த படத்தை எடுத்து நாலாக மடித்தார். வேறு கேள்வி இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். ஹிமேனா கூண்டை விட்டு இறங்கவில்லை. பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னாள். முதல் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததன் முழுப் பெயரையும் நீதிமன்றம் முழுக்கக் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள்.